கண்ணாடிக்குள் ஒரு துணிக் கண்காட்சி: பெருந்தொற்றுக் காலச் செய்முறைக் குறிப்புகள்

நெசவு, பூத்தையல், ஃபெல்ட் (நெய்யாமல் கம்பளி இழையை அழுத்திச் செய்யும் துணி), ஒட்டுத்துணி, கயிற்று முடிச்சு என்று ஆளுக்கொரு வழியில் துணியோடு மல்லுக்கட்டுகிற ஒன்பது பேர் கொண்ட குழு எங்களுடையது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்த கொஞ்ச நாளில் நாங்கள் பிடித்து வைத்திருந்த அரங்கம் பூட்டப்பட்டது. பெரிய இடங்களிலும் இதே நிலைதான். அந்த ஆண்டு லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் நடந்திருக்க வேண்டிய, நாரிலும் கயிற்றிலும் சிற்பம் செய்த போலந்துக் கலைஞர் மக்தலேனா அபகனோவிச்சின் கண்காட்சி தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2022 நவம்பரில்தான் திறந்தது. ஒட்டுத்துணி வேலைகளுக்கான அமெரிக்காவின் ஹூஸ்டன் குவில்ட் திருவிழா 2020இல் நேரில் நடக்கவே இல்லை, இணையத் திரைக்குப் போனது. நாங்கள் தள்ளிப்போடவும் இல்லை, முழுசாகத் திரைக்குப் போகவும் இல்லை. அரங்கின் முகப்பு சாலையைப் பார்த்த நீளமான கண்ணாடி. உள்ளே பார்வையாளர் போகக்கூடாது, அவ்வளவுதானே? துணியை உள்ளே தொங்கவிடுவோம், பார்ப்பவர் நடைபாதையில் நிற்கட்டும் என்று முடிவானது. கூடவே இணையத்தில் படங்கள், கேட்பவர்களுக்குத் தபாலில் தொட்டுப் பார்க்கத் துணி மாதிரிகள்.

இதே மாதிரி செய்யப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் செய்த வேலையை எழுதி வைக்கிறேன். தொற்றுக்காலம் என்றில்லை, கண்ணாடிக்குப் பின்னால் துணி வைக்கிற யாருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில், துணிகள் வந்து சேர்ந்த விதம். எல்லாம் தபாலிலும் கூரியரிலும்தான். மடித்து அனுப்பாதீர்கள், சுருட்டி அனுப்புங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். மடிப்பு விழுந்த இடத்தில் நூல் உடைந்து நிற்கும், தொங்கவிட்டு ஒரு மாதம் ஆனாலும் அந்தக் கோடு போகாது. சுருட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பாவு, அதாவது நெசவின் நெடுக்கு நூல், ஓடும் திசையில் சுருட்ட வேண்டும். முன்பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். தையலும் ஒட்டுத்துணியும் உள்ளே போனால் நசுங்கிச் சுருக்கம் விழும். வெளியே இருந்தால் சுருக்கமெல்லாம் பின்பக்கத் துணிக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவு நல்லது. சாதாரண அட்டைக் குழாயில் அமிலம் இருக்கும் என்பதால் அதன்மேல் அமிலமற்ற டிஷ்யூ காகிதம் சுற்றிவிட்டு அப்புறம் துணி.

இன்னொன்றையும் கேட்டுக்கொண்டோம்: கீழ்முனையிலிருந்து சுருட்ட ஆரம்பியுங்கள், மேல்முனை கடைசியில் வெளியே நிற்கட்டும். எதற்கு என்பது தொங்கவிடும்போது தெரியும்.

வந்த பொட்டலங்களை அப்போது எல்லோருக்கும் இருந்த பயத்தோடுதான் கையாண்டோம். 2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதனைச் சூழலில் அட்டையில் 24 மணி நேரத்துக்குப் பிறகு உயிருள்ள வைரஸ் இல்லை, பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 72 மணி நேரம் வரை தங்கும் என்று சொன்னது. அதனால் அதற்கும் மேலே கொஞ்சம் நாள் சும்மா கிடக்கட்டும் என்று ஓர் அறையில் ஒதுக்கி வைத்தோம். மேற்பரப்பைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. அது முன்பே தெரிந்திருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டோம். ஆனால் ஒன்றில் உறுதியாக இருந்தோம்: துணிமேல் சானிடைசர் தெளிக்கும் பேச்சே கூடாது. ஆல்கஹால் பட்டால் பல சாயங்கள் கசியும், ப்ளீச் பட்டால் சாயமும் போகும் நூலும் போகும். பழம்பொருள் பராமரிப்பாளர்கள் அப்போது திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்: தெளிக்காதே, காத்திரு.

கம்பளியில் செய்த வேலைகளுக்கு மட்டும் இன்னொரு காத்திருப்பு, அந்துப்பூச்சிக்காக. வைரஸைவிட எனக்கு அதுதான் கவலை. ஒரு துணியில் முட்டை இருந்தால் போதும், கண்காட்சி முடிவதற்குள் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஓட்டை. பாலித்தீனில் காற்றைப் பிழிந்து மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே கிடந்தால் நீர் பைக்கு வெளியே கோக்கும். உடனே பிரித்தால் துணியில் கோக்கும். ஃபெல்ட் செய்பவர் தன் வேலையை உறைபெட்டியில் வைப்பதற்கு முதலில் சம்மதிக்கவில்லை. இறைச்சியா அது என்று கேட்டார். பூச்சி அரித்த ஒரு பழைய கம்பளத்தின் படத்தை அனுப்பினேன், சரி என்றார்.

தொங்கவிடுவதில்தான் உண்மையான சிக்கல். அரங்குக்குள் ஒரு நேரத்தில் ஓர் ஆள் என்று கட்டுப்பாடு. வழக்கமாக இரண்டு பேர் இரண்டு ஏணியில் நின்று, மூன்றாவது ஆள் தள்ளி நின்று 'இடது பக்கம் கொஞ்சம் தூக்கு' என்று கத்துகிற வேலை இது. தனி ஆள் செய்ய வேண்டுமென்றால் துணியிடம் போகக்கூடாது, துணி நம்மிடம் இறங்கி வர வேண்டும். அதனால் மேலே இரண்டு கப்பி மாட்டி, இரண்டு கயிறும் ஒரே கொக்கிக்கு வரும்படி செய்து, ரீப்பர் கட்டையை (மெல்லிய மரச் சட்டம்) கிடைமட்டமாகக் கட்டினோம். கட்டையை இடுப்பு உயரத்துக்கு இறக்கு, துணியைப் பொருத்து, ஏற்று.

பொருத்துவதற்கு வெல்க்ரோ, அதாவது அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் பிய்யும் இரட்டை நாடா. முதலில் எங்களில் சிலருக்கே இது பிடிக்கவில்லை. மேல்விளிம்பில் குழல் தைத்துக் கம்பி நுழைப்பதுதான் பழக்கம். குழலில் இருக்கும் தொந்தரவு என்னவென்றால், கைநெசவுத் துணியின் மேல்விளிம்பு ஒருநாளும் நேர்கோடாக இருக்காது. கம்பி நேர், விளிம்பு வளைவு, ஆக நடுவில் தொய்வு விழுந்தே தீரும். வெல்க்ரோ என்றால் அங்கங்கே பிய்த்து அரை சென்டிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ அழுத்திக்கொள்ளலாம். எடையும் விளிம்பு முழுக்கப் பகிர்ந்து நிற்கும்.

செய்யும் முறை இது. 5 செ.மீ. அகல வெல்க்ரோவில் மெத்தென்ற பக்கம் துணிக்கு, கொக்கிப் பக்கம் கட்டைக்கு. மாற்றி வைத்தால் சுருட்டும்போது கொக்கி நூலை இழுத்துவிடும். மெத்தென்ற பக்கத்தை நேராகத் துணியில் தைக்கக்கூடாது. அதைவிடச் சற்று அகலமான, துவைத்துச் சுருங்க வைத்த பருத்தி நாடாவில் முதலில் மெஷினில் தைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அந்த நாடாவைத் துணியின் பின்பக்க மேல்விளிம்பில் கைத்தையலாக, ஹெர்ரிங்போன் தையலில் பிடிக்க வேண்டும். இது குறுக்கும் நெடுக்கும் போவதால் இழுவிசை ஒரே நூலில் விழாது. ஊசி வெறும் பின்துணியை மட்டும் குத்தாமல், நெசவில் இரண்டு மூன்று பாவு நூல்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன்பக்கம் தெரியாமல் பிடிப்பது பழக்கத்தில் வரும். நாடாவின் மேல்பக்கம், கீழ்பக்கம், இரண்டு ஓரம் எல்லாம் தைத்தாக வேண்டும். மேலே மட்டும் தைத்துவிட்டால் எடை இழுத்து நாடா வெளியே எட்டிப் பார்க்கும்.

கட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூச்சு இல்லாத மரம் அமில ஆவி விடும், துணியைப் பழுப்பேற்றும். நீர் சார்ந்த வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் கொக்கி நாடாவை ஸ்டேப்ளர் போட்டு இறுக்கினோம். பசையை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி மேல்முனை வெளியே இருக்கும் சமாசாரம். சுத்தமான விரிப்புப் போட்ட மேசையில் சுருளை வைத்து, வெளியே இருக்கும் மேல்முனையை நடுவிலிருந்து இரு பக்கமும் கட்டையில் அழுத்திக்கொண்டு போய், கயிற்றை மெல்ல இழுத்தால் சுருள் மேசையிலேயே உருண்டு உருண்டு அவிழ்ந்து கொடுக்கும். 2.4 மீட்டர் உயரக் கம்பளி நெசவு தரையைத் தொடாமல், யார் கையும் படாமல் நிமிர்ந்து நின்றது. கீழ்முனை வெளியே இருந்திருந்தால் முழுவதையும் பிரித்துத் திருப்பிச் சுருட்டியிருக்க வேண்டும், அதுவும் ஒற்றை ஆளாக.

கண்ணாடியை ஒட்டித் தொங்கவிடக்கூடாது. குளிர் இரவில் கண்ணாடியின் உட்புறத்தில் நீர் கோக்கும், பருத்தியும் கம்பளியும் அதை உறிஞ்சும். ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். நுணுக்கமான பூத்தையல்களை மட்டும் அந்த ஓரடியில், கண் உயரத்தில் வைத்தோம். பெரியவை பின்னால் போயின. பார்ப்பவர் நடைபாதையில் எங்கே நிற்பார் என்று பார்த்துத்தான் இதைத் தீர்மானிக்க முடியும். வெளியே இரண்டு மீட்டர் இடைவெளிக்கு நாடா ஒட்டியிருந்தோம், அந்த நாடாவில் நாமே போய் நின்று பார்ப்பதைவிட வேறு வழி கிடையாது.

அடுத்து வெளிச்சம். எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது இதுதான், பிடிக்கவும் வேண்டும்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் என்று வைத்துக்கொள்கின்றன. மங்கல்தான், கண் பழகிவிடும். ஆனால் லக்ஸ் மட்டும் கணக்கில்லை, எவ்வளவு நேரம் என்பதும் கணக்கு. சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு அறிக்கை, ஒளிக்கு மிக எளிதில் வெளிறும் பொருள்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ் மணி (லக்ஸை மணிக்கணக்கால் பெருக்கியது) என்ற வரம்பைச் சொல்கிறது. 50 லக்ஸில் தினம் 8 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 400. ஆண்டுக் கணக்கு 37 நாளில் தீர்ந்துவிடும். இப்போது சாலையோரக் கண்ணாடிக்கு வருவோம். நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில்கூடப் பகலில் 2,000 லக்ஸ் சாதாரணம். பத்து மணி நேரம் என்றால் 20,000. அதாவது ஒரு வருஷத்துக்கு உண்டான வெளிச்சத்தை ஒரே பகலில் குடித்துத் தீர்த்துவிடும். நேர் வெயில் என்றால் பேசவே வேண்டாம், ஒரு லட்சம் லக்ஸை நெருங்கும்.

இந்தக் கணக்கைக் குழுவுக்கு அனுப்பியதும் விவாதம் முடிந்தது. பகலில் திரை, அந்தி சாய்ந்ததும் திரை விலக்கி விளக்கு என்று மாற்றிக்கொண்டோம். இரவுக் கண்காட்சி என்பது கலை முடிவு போலப் பிற்பாடு பாராட்டப்பட்டது; அசலில் அது சாயத்தைக் காப்பாற்றிய கணக்கு. வேறொரு லாபமும் கிடைத்தது. பகலில் கண்ணாடி வானத்தையும் எதிர்க் கட்டடத்தையும் காட்டும், துணியைக் காட்டாது. உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு என்றால்தான் கண்ணாடி மறையும். எதிரே தெருவிளக்கு இருந்த இடத்தில் மட்டும் பின்னணிக்கு அடர்கறுப்புத் துணி கொடுத்து, வெளிர் நிற வேலைகளை அங்கே நகர்த்தினோம்.

எந்தச் சாயம் தாங்கும், எது தாங்காது என்று தெரிந்து இடம் ஒதுக்க வேண்டும். அவுரி நீலம் ஓரளவுக்குத் தாங்கும். மஞ்சள் கிழங்கில் சாயமேற்றியது தாங்கவே தாங்காது. எங்களில் ஒருவர் மஞ்சள் சாயத்தில் செய்திருந்த ஒரு மெல்லிய துணியைக் கண்ணாடிப் பக்கமே விடவில்லை, படம் மட்டும் எடுத்தோம். மற்றதற்குக் காவலாக நீலக் கம்பளி அளவுகோல் ஒன்றைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தோம். ஒன்றிலிருந்து எட்டு வரை, ஒன்றைவிட ஒன்று அதிகம் தாங்கும் நீலச் சாயத் துணிப் பட்டைகள் அதில் இருக்கும். பாதியை அலுமினியத் தாளால் மூடி வைத்தால், மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு வெளிச்சம் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

விளக்கு எல்இடி, ஆனால் எதையாவது வாங்கி மாட்டக்கூடாது. நிறத்தை உண்மையாகக் காட்டும் அளவான சிஆர்ஐ 90க்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சிவப்பும் அரக்கும் செத்துப் போகும். புற ஊதாக் கதிர் எல்இடியில் அநேகமாக இல்லை என்பது கூடுதல் வசதி. கோணம் இன்னும் முக்கியம். ஓவியத்துக்கு மேலிருந்து 30 டிகிரியில் விளக்குப் போடுவார்கள். அதையே துணிக்குச் செய்தால் அச்சடித்த காகிதம் மாதிரி இருக்கும். துணியின் தளத்தை ஒட்டி, பத்துப் பதினைந்து டிகிரியில் ஒளியைச் சறுக்கவிட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு தையலும் தனக்கென்று ஒரு நிழல் போடும். ஒட்டுத்துணி வேலை ஒன்றில் ஓட்டுத் தையலுக்கு இடையில் பஞ்சு உப்பியிருக்கும் இடங்கள் நேர் விளக்கில் காணாமலே போயிருந்தன. விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தியதும் வயல் வரப்பு மாதிரி எழுந்து நின்றன. தொட முடியாதவருக்குத் துணியின் பருமனைச் சொல்ல நிழலைவிட்டால் வேறு மொழி கிடையாது. கயிற்று முடிச்சு வேலைக்கு மட்டும் இந்த ஒளி ஒத்துவரவில்லை. நிழல் அதிகமாகி முடிச்சே தெரியாமல் போனது. அதற்குப் பின்னாலிருந்து மெல்லிய வெளிச்சம் கொடுத்தோம்.

இணையத்துக்கான படங்களிலும் இதே சறுக்கொளிதான். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு படம் கட்டாயம்: நிறத்துக்காக இரண்டு பக்கமும் சம வெளிச்சத்தில் ஒன்று, பருமனுக்காக ஒருபக்க ஒளியில் ஒன்று. இரண்டையும் ஒரே படத்தில் சாதிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

நெசவைப் படம் எடுத்தவர்களுக்கு மொய்ரே தெரிந்திருக்கும். நூல்களின் வரிசையும் கேமரா சென்சாரின் கட்டங்களும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் வந்துவிட்டால், துணியில் இல்லாத அலைகளும் வானவில் கோடுகளும் படத்தில் தோன்றும். மென்பொருளில் சரிசெய்யப் பார்ப்பதைவிடக் கேமராவைக் கொஞ்சம் முன்னால் பின்னால் நகர்த்துவது மேல். இல்லையென்றால் இரண்டு மூன்று டிகிரி திருப்பலாம், லென்ஸின் துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கலாம்; படம் இம்மியளவு மென்மையாகும், அலை போய்விடும். இதில் ஒரு விஷமம், கேமராவில் இல்லாத மொய்ரே படத்தைச் சின்னதாக்கும்போது வந்து சேரும். அதனால் ஏற்றிய பிறகு கைபேசித் திரையில் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

வெள்ளை நூல் இன்னொரு தலைவலி. கடையில் வாங்கும் வெள்ளைப் பருத்தி நூலில் ஒளிர்வெண்மை (வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் ரசாயனம்) ஏற்றியிருப்பார்கள். ஃபிளாஷிலோ பகல் வெளிச்சத்திலோ உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும், எது வெள்ளை என்று கேமரா போடும் கணக்கே (வெள்ளைச் சமநிலை) ஏமாந்துபோகும். பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை வைத்து எல்இடியில் எடுத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மயில் கழுத்து நிறம் மட்டும் எவ்வளவு முயன்றாலும் திரையில் முழுசாக வராது. இணையப் படங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி நிற வரம்புக்குள் அது அடங்குவதில்லை.

முப்பரிமாண மெய்நிகர் அரங்கம் கட்டலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அப்போது எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்ப்பேன். அம்புக்குறியை அழுத்தி அழுத்தி வெற்றுத் தரையில் நடந்து போய், தபால்தலை அளவுத் துணியைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? பிரான்சின் புகழ்பெற்ற இடைக்காலப் பூத்தையலான பயீ திரைச்சீலையை 2021இல் இணையத்தில் வைத்தவர்கள் அதற்குச் சுவர் கட்டவில்லை. ஏறக்குறைய 70 மீட்டர் நீளப் பூத்தையலையும் இழை தெரியும்வரை பெரிதாக்கிப் பார்க்க விட்டார்கள். எய்ட்ஸில் இறந்தவர்களின் நினைவாகத் தைத்த அமெரிக்காவின் எய்ட்ஸ் நினைவு ஒட்டுத்துணியில் 3 அடிக்கு 6 அடி அளவில் ஐம்பதாயிரம் துண்டுகள் வரை இருக்கின்றன. 2020இல் அதுவும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வந்தது. அங்கே தேவைப்பட்டது ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி. துணிக்கு என்ன தேவையோ அதைச் செய்தால் போதும். நாங்கள் செய்தது பெரிதாக்கிப் பார்க்கும் படமும், பத்து விநாடிக் காணொளியும்தான். காணொளியில் ஒன்றுமில்லை, ஒரு கை துணியின் ஓரத்தைத் தூக்கி விடும். எவ்வளவு கனம், எப்படி விழுகிறது, பின்பக்கம் என்ன என்பதெல்லாம் அந்த ஒரு அசைவில் தெரிந்துவிடும். எல்லாப் படங்களையும்விட அதைத்தான் ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கண்ணாடியில் ஒட்டிய க்யூஆர் கோடும் அங்கேதான் கொண்டுபோகும்.

துணி மாதிரிக்கு வருகிறேன். 10 செ.மீ. சதுரத் துண்டு, வேலையில் பயன்படுத்திய அதே நூல், அதே நெசவு. ஒவ்வொருவரும் தன் வேலைக்கு ஏற்றதைச் செய்தார்கள். நெசவாளர்கள் பாவின் கடைசியில் மிஞ்சியதை நெய்து வெட்டினார்கள். வெட்டிய ஓரம் பிரியாமல் இருக்க மெஷினில் ஜிக்ஜாக் ஓட்ட வேண்டும். அந்த வசந்தத்தில் எங்களில் பலரின் துணிக்குவியல் ஏற்கெனவே முகக்கவசமாகிக் காலியாகியிருந்தது. மேலே சொன்ன எய்ட்ஸ் ஒட்டுத்துணியைப் பராமரிப்பவர்கள்கூட மிச்சத் துணியில் முகக்கவசம் தைத்த காலம் அது. ஆகவே மாதிரிகள் கொஞ்சம்தான் தேறின. முதலில் எழுதிக் கேட்டவர்களுக்கு அனுப்பினோம். உறைக்குள் துணியோடு ஒரு வரி: கழுவிய கையால் தொடுங்கள், திருப்பி அனுப்ப வேண்டாம். கண் தெரியாத ஒருவர் ஒன்பதையும் கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு அனுப்பியதில் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அடையாளத்துக்கு ஒன்று முதல் ஒன்பது வரை, விரலில் தட்டுப்படும் பிரெஞ்சு முடிச்சுகள் போட்டு, முழு வேலையின் விவரிப்பை ஒலிப்பதிவாக அனுப்பினோம். அடுத்த தடவை இந்த முடிச்சு எண்களை எல்லா மாதிரிகளிலும் போட்டுவிட வேண்டும், தொடுவதற்கென்று அனுப்புகிற துணியில் காகிதச் சீட்டு எதற்கு?

இறக்கும்போது நீலக் கம்பளி அளவுகோலைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றாம் எண் பட்டையில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் லேசான கோடு தெரிந்தது, இரண்டில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபெல்ட்டின் மேல் தூசி படிந்திருந்தது. வேக்குவம் வாயில் வலைத்துணி கட்டிக் குறைந்த இழுப்பில் எடுத்தாயிற்று. வெல்க்ரோ நாடாக்களைப் பிரிக்கவில்லை, துணியோடே போகட்டும் என்று விட்டுவிட்டோம். ரீப்பர்களின் முதுகில் எந்த வேலை, என்ன அகலம், கட்டையிலிருந்து தரை வரை எவ்வளவு என்று பென்சிலில் எழுதி அடுக்கி வைத்திருக்கிறோம். கப்பிகள் இன்னும் மேலேயே இருக்கின்றன, அரங்கக்காரர்கள் கழற்றச் சொல்லவில்லை.